வெள்ள நிவாரணமும் வெள்ளக் காப்பீடும்

வெள்ளத்தால் வீடும் பொருளும் இழந்தார்க்குப் பணம் வந்து சேரும் வாயில்கள் இரண்டு. ஒன்று, இடர் நேர்ந்த பின்னர் அரசாங்கத்தாரும் பிறரும் இரங்கி அளிக்கும் நிவாரணம். மற்றொன்று, இடர் நேருமுன்னரே வீட்டுக்குரியோன் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தி, ஒப்பந்தப்படி பெறும் காப்பீடு. இன்ஷூரன்ஸ் என்று உலக வழக்கிற் சொல்லப்படுவது இதுவே. முன்னையதில் வஞ்சகம் எளிதிற் புகுவதற்கும், பின்னையதை மக்கள் அசட்டை செய்வதற்கும் காரணம் யாதென்பதை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, கத்ரீனா என்னும் புயல் லூயிசியானா, மிசிசிப்பி மாகாணங்களின் கடற்கரையைத் தாக்கிற்று. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற கரைகளும் சுவர்களும் பலவிடங்களில் உடைய, நகரின் 100-க்கு 80 பங்கு நீரில் மூழ்கிற்று. உடுத்த உடையோடு ஓடிய லட்சக்கணக்கானோர் பல மாகாணங்களிற் சிதறினர். அவர்கட்கு உதவும் கடமை, ஃபீமா எனச் சுருக்கி வழங்கும் மத்திய அரசாங்க நிறுவனத்தினுடையது. டெலிபோன் வழியாகவோ கம்ப்யூட்டர் வழியாகவோ பெயரும் முகவரியும் பதிந்துகொண்ட குடும்பங்களுக்கு, அவசரச் செலவுக்கென 2,000 டாலர் வழங்க அந்நிறுவனம் முற்பட்டது. பத்திரம் எங்கே, சாட்சி யார் என்று கேட்டு நிற்கத்தக்க சமயமன்று அது. பசித்தவன் வாயிலில் நிற்கையில் அவன் பசி மெய்யோ பொய்யோ என விசாரணை நடத்துதல் தகுமோ?

அவ்வவசரமே வஞ்சகர்க்கு வாய்ப்பாயிற்று. காங்கிரஸ் சபையின் தணிக்கை அலுவலகத்தார் 2006-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட மதிப்பின்படி, அவ்வாண்டு பிப்ரவரி வரை குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட உதவியில் 100-க்கு 16 பங்கு தகாதாரிடம் சென்றிருக்கலாம். தொகையாகக் கூறின், அது 60 கோடி டாலருக்கும் 140 கோடி டாலருக்கும் இடைப்பட்டது. சிலர் பிறருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தம்முடையதெனக் காட்டினர். சிறைக்குள் இருந்தோர் வீடிழந்தோராகப் பதிந்துகொண்டனர். தபாற்பெட்டி எண்ணை இடிந்த வீட்டின் முகவரியாகக் கொடுத்தாரும் உளர். இடுகாடொன்றின் முகவரியைக் கொடுத்துப் பணம் பெற்றாரும் உளர்! தணிக்கையாளர் தாமே சோதனைக்காகப் பொய்ப்பெயரில், இல்லாத வீட்டிற்கு விண்ணப்பம் அனுப்பினர். அவர்கட்கும் செக்கு வந்து சேர்ந்தது.

இக்குற்றங்களை விசாரிக்கவென 2005-ம் ஆண்டு செப்டம்பரிலேயே நீதி இலாகாவினர் தனிக்குழு ஒன்றை நிறுவினர். ஆறாண்டுகளில் 1,400-க்கு மேற்பட்டோர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. எனினும், பொய்யன் பெற்ற தண்டனையோடு காரியம் முடிந்துவிடவில்லை. அவன் செய்த வஞ்சகத்தின் சுமை, மெய்யாகவே வீடிழந்தவன் தலைமேல் ஏறுகின்றது. தகாதார்க்குச் சென்ற பணத்தைத் திரும்பப் பெறுவான் வேண்டி, 2011-ம் ஆண்டில் ஃபீமா பல்லாயிரவர்க்குக் கடிதம் விடுத்தது. அக்கடிதம் பெற்றாருள் எல்லோரும் பொய் கூறியவரல்லர். உத்தியோகஸ்தர் தவற்றால் மிகுதியாகப் பெற்றவரும், பெற்றதை அப்போதே கூரைக்கும் உணவுக்கும் செலவிட்டவரும் அவருள் இருந்தனர். அவ்வாண்டு முடிவிலேயே, நிறுவனத்தின் பிழையால் நேர்ந்த கடனைத் தள்ளிக்கொடுக்க இடந்தரும் சட்டமொன்றைக் காங்கிரஸ் இயற்ற வேண்டியதாயிற்று. ஆறாண்டு கழித்து உதவியைக் கடனாக மாற்றும் கடிதத்தைப் படித்தவன் மனநிலையை நேயர்களே ஊகித்துக்கொள்க.

நிற்க, காப்பீட்டைப்பற்றிக் கூறுவாம். அந்நாட்டில் வீட்டுக்கு வாங்கும் சாதாரணக் காப்பீடு தீயையும் காற்றையும் கணக்கிற் கொள்ளுமேயன்றி, வெள்ளத்தைக் கொள்ளாது. ஒரே பெருக்கில் ஊர் முழுவதும் அழிதலின் தனிக் கம்பெனிகள் அதனை ஏற்க அஞ்சின. ஆதலின் 1968-ம் ஆண்டில் அரசாங்கத்தாரே வெள்ளக் காப்பீட்டுத் திட்டமொன்றை ஏற்படுத்தினர். குடியிருக்கும் வீட்டின் கட்டடத்திற்கு 2,50,000 டாலர் வரையும், உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர் வரையும் அதிற் பெறலாம். கத்ரீனா ஆண்டில் நிவாரணமாக ஒரு குடும்பம் பெறக்கூடிய உச்சத் தொகையோ 26,200 டாலரே. அதனையும் முழுதாகப் பெற்றவர் சிலரே. ஆகவே நிவாரணம் வீட்டை மீட்டுத் தருமென எண்ணியிருப்பது கணக்கறியாதார் எண்ணமாகும். மேலும், புயல் கடலில் எழுந்தது கேட்டு ஓடிச்சென்று காப்பீடு வாங்குதல் பயன் தராது. வாங்கிய நாளிலிருந்து 30 நாட் கழிந்த பின்னரே பெரும்பாலும் அது செல்லுபடியாகும்.

மக்கள் ஏன் வாங்குகின்றிலர்? நூறாண்டு வெள்ளம் என்னும் சொற்றொடர் செய்யும் மயக்கம் ஒரு காரணம். நூறாண்டுக்கு ஒருமுறை வரும், நம் காலத்தில் வராது என அதனைப் பொருள் கொள்வர். உண்மையில் அது, எந்த ஆண்டிலும் 100-க்கு 1 பங்கு வாய்ப்புடைய வெள்ளமாகும். ஓராண்டு தப்பும் வாய்ப்பு 99 பங்கு. 30 ஆண்டும் தொடர்ந்து தப்புவதற்கு அவ்விகிதத்தை 30 முறை பெருக்கிக் காண்க. ஏறத்தாழ 74 வரும். எனவே வீட்டுக் கடன் தீரும் 30 ஆண்டுக் காலத்துள் ஒருமுறையேனும் மூழ்கும் வாய்ப்பு 100-க்கு 26 ஆகும். நம் கணித வகுப்பு மாணவர் எவரும் சில நிமிடத்திற் போட்டுப் பார்க்கலாம்.

வேறொரு காரணம் வரைபடம். அபாயப் பகுதியில் கடன் கொடுக்கும் பாங்கிகள் காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்கவேண்டுமென 1973-ம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் உறுதியான கரைகள் காக்கும் நிலத்தை அபாயப் பகுதியில் சேர்ப்பதில்லை. அங்கே கட்டாயமும் இல்லை. கட்டாயமில்லையேல் அபாயமுமில்லை என்று மக்கள் கொண்டனர். நீருக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாதே! 2017-ம் ஆண்டு ஹார்வி புயலில் ஹூஸ்டன் நகர்ப்புறத்தில் மூழ்கிய வீடுகளுள் பெரும்பாலானவற்றிற்கு வெள்ளக் காப்பீடு இருந்ததில்லை. முன்னர் உதவி பெற்றவன் அபாயப் பகுதியில் இருப்பானாயின், அதன்பின் காப்பீடு வாங்கி விடாது வைத்திருத்தல் வேண்டும். தவறின் அடுத்த வெள்ளத்தில் உதவி மறுக்கப்படும் என்பது 1994-ம் ஆண்டிலிருந்து உள்ள விதி. கடுமையானதாயினும் இவ்விதி நேரியதென்பதே எம் கருத்து.

அங்ஙனமாயினும் காப்பீட்டின்கண் வஞ்சகமில்லை என்பது பொருந்தாது. காற்றுச் சேதத்திற்குத் தன் பணத்தையும், வெள்ளச் சேதத்திற்கு அரசாங்கப் பணத்தையும் கொடுக்கும் நிலையிலுள்ள கம்பெனிக்கு, எல்லாம் நீரால் அழிந்தது என்று எழுதுவதிலே இலாபமுண்டு. கத்ரீனாவுக்குப் பின் மிசிசிப்பியிலுள்ள ஒரு வீட்டைக் குறித்து ஸ்டேட் பார்ம் கம்பெனி இவ்வாறு பொய்க்கணக்குக் காட்டிற்று என 2013-ம் ஆண்டில் ஜூரியார் முடிவு செய்தனர். அம்முடிவை உச்ச நீதிமன்றம் 2016-ம் ஆண்டில் தள்ளாது நிலைநிறுத்திற்று.

இனி, தன் கடமையைச் செய் என்று ஒருவனை நோக்கிக் கூறுமுன், செய்யும் நிலையில் அவன் இருக்கின்றானா என்பதும் நோக்கற்பாலது. நியூ ஆர்லியன்ஸில் பாட்டன் கட்டிய வீட்டில் பத்திரம் மாற்றாமலே தலைமுறையாக வாழ்ந்த ஏழைக் கறுப்பர் பலர். கடன் வாங்காத வீடாதலின், காப்பீடு வாங்கென்று சொல்ல அவர்கட்குப் பாங்கி இல்லை. வெள்ளத்தின்பின் நிவாரணம் கேட்டபோதோ, வீடு உன்னுடையதென்பதற்குப் பத்திரம் காட்டு என்றனர். இடுகாட்டு முகவரிக்குப் பணம் சென்ற அதே நிவாரணத்தில், தாம் பிறந்த வீட்டைத் தமதென்று நிறுவ இயலாமல் இவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். பத்திரமில்லாத பரம்பரை வீட்டார், வேறு வழியில்லாவிடத்துத் தாமே எழுதிக் கையொப்பமிடும் உறுதிமொழியை ஏற்பதென ஃபீமா விதியை மாற்றியது 2021-ம் ஆண்டில். கத்ரீனா வீசிப் பதினாறு ஆண்டுகள் சென்றபின்.