சுவரின் கனஅளவிலிருந்து செங்கல் எண்ணிக்கை: ரெவிட் அட்டவணையில் நம் சொந்தக் கணக்கு

எஸ்டிமேட் வகுப்பு என்றாலே நம்மில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். நீளம், அகலம், உயரம், கழிவு என்று பெருக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். 2000-ல் வெளிவந்து 2002-ல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போன ரெவிட், இந்தப் பெருக்கலையெல்லாம் தானே செய்துவிடும். ஆனால் "எத்தனை செங்கல்?" என்று கேட்டால் விழிக்கும். சுவரின் கனஅளவு வரைக்கும்தான் அதற்குத் தெரியும். மீதியை நாம்தான் சொல்லித் தரவேண்டும்.

'வியூ' பட்டையில் 'ஷெட்யூல்ஸ்' போய், 'வால்ஸ்' பிரிவைத் தேர்ந்தெடுங்கள். டைப், லெங்த், வால்யூம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டு, 'எஃப்எக்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். பெயர் 'செங்கல்', வகை 'நம்பர்'. சூத்திரத்தில் வால்யூம் × 500 என்று போட்டால் அலகு பொருந்தவில்லை என்று திட்டும். அது சொல்வது நியாயம்தான். வால்யூம் கன மீட்டரில் இருக்கிறது, நாம் கேட்பதோ வெறும் எண். எனவே வால்யூமை (1 மீ × 1 மீ × 1 மீ) ஆல் வகுத்து, பிறகு 500-ஆல் பெருக்க வேண்டும். புலத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஏற்காது.

அந்த 500 எங்கிருந்து வந்தது? மாடுலர் கல் 19 × 9 × 9 செ.மீ. கலவையோடு சேர்த்தால் 20 × 10 × 10, அதாவது 0.002 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 500 கல். நம்மூர்ச் சூளைக் கல் பெரும்பாலும் இந்த அளவில் இருக்காது. டேப் வைத்து அளந்து உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். புத்தக எண்ணை நம்பிக் கல் இறக்கினால் லோடு கணக்கு உதைக்கும்.

4 மீ நீளம், 3 மீ உயரம், 20 செ.மீ கனமுள்ள சுவர் 2.4 கன மீட்டர். அதில் 1 × 2.1 மீ கதவு வைத்ததும் அட்டவணை தானாக 1.98 ஆகிவிடும். கல் 990. சேதாரம் 5 சதம் சேர்த்தால் 1040. கதவை நகர்த்தினாலும் கவலையில்லை, அகலத்தை மாற்றினால் எண்ணும் மாறும். கையால் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே கிழிக்கணும்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கான்கிரீட் தூணும் சுவரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்து, 'ஜாயின்' செய்யாமல் விட்டால் அதே இடம் கான்கிரீட்டிலும் செங்கலிலும் இரண்டு தடவை எண்ணப்படும். சுவரில் பைப்புக்கு விட்ட சின்ன ஓட்டையைக்கூட ரெவிட் கழித்துவிடும். ஐ.எஸ். 1200 அளவை முறையிலோ 0.1 சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிப்பதில்லை. ஆகவே கல் வாங்கும் கணக்கும் காண்ட்ராக்டருக்குப் பில் போடும் கணக்கும் ஒன்றல்ல. "கம்ப்யூட்டர்லயே வந்திருக்கு" என்று அட்டவணையை நீட்டினால் மேஸ்திரியிடம் சண்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று, முழு எண்ணாக்குவது. மூன்று சுவர்ப் பூச்சுக்கு 2.3, 1.4, 3.4 மூட்டை சிமென்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 'ரவுண்ட்அப்' போட்டால் 3, 2, 4, மொத்தம் 9. உண்மையில் தேவை 7.1, வாங்கவேண்டியது 8. ஐம்பது அறை உள்ள கட்டடத்தில் இது எத்தனை மூட்டை ஆகும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனவே தசமத்தை அப்படியே விட்டு, கூட்டுத்தொகையை மட்டும் மேலே ஏற்றுங்கள். கூட்டுத்தொகை வர, 'ஃபார்மேட்டிங்' பக்கத்தில் 'கால்குலேட் டோட்டல்ஸ்', 'சார்ட்டிங்' பக்கத்தில் 'கிராண்ட் டோட்டல்ஸ்' இரண்டையும் கொடுக்கணும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு வரவில்லையே என்று லேபில் முழிப்பவர்கள் ஏராளம்.

ஒரு தடவை செய்த அட்டவணையை அடுத்த பிராஜெக்டில் காப்பி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், சூத்திரமும் கூடவே வந்துவிடும். அங்கே கல்லின் அளவு வேறென்றால் 500-ஐ மட்டும் மாற்றினால் போதும்.