கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை

வேலை முடிந்து லயத்துக்கு வந்து படுத்தால் உள்ளங்கால் நெருப்பாய் எரியுது, எறும்பு ஊருது என்று சொல்லும் உறுப்பினர்கள் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பலர். தோட்டம் விட்டு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் இனிப்புநீர். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு அந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே இன்னும் அதிகம்.

இந்த எரிச்சலுக்கு டாக்டர் கபாபென்டின் அல்லது பிரிகபாலின் எழுதிக் கொடுப்பார். அது என்ன செய்கிறது?

ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவே நூலிழை இடைவெளி உண்டு. வலிச் செய்தி நரம்பின் முனைக்கு வந்ததும் அங்குள்ள சின்னஞ்சிறு கதவுகள் திறக்கும். கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, உள்ளே பாயும். பாய்ந்தால்தான் ரசாயனம் வெளிப்பட்டு அடுத்த நரம்பை எழுப்பும். சர்க்கரையால் அடிபட்ட நரம்பு சும்மா கிடக்கும்போதும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். மாத்திரை அந்தக் கதவின் ஒரு பாகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் குறைவாகப் போகிறது, வலி தணிகிறது.

இரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபினும் கால்சியக் கதவை அடைப்பதுதான். ஆனால் அது இரத்தக் குழாயின் தசையில் உள்ள வேறு ரகக் கதவு. 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று ஒன்றை நிறுத்திவிடாதீர்கள். இரண்டுமே கணுக்காலை வீங்க வைக்கலாம். வீங்கினால் இரண்டு மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரிகபாலின் தூக்கம், தலைசுற்றல் தரும். ஆரம்ப நாட்களில் மோட்டார் சைக்கிளும் குலை வெட்டும் கத்தியும் ஆபத்து. சம்சுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை இந்த வகை மருந்துகளால் வரும் மூச்சுத் தொல்லை பற்றித் தனியாக எச்சரித்தது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு குறைய வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்கவே கூடாது. திடீரென நிறுத்தவும் கூடாது: தூக்கம் கெடும், சிலருக்கு வலிப்புகூட வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மாத்திரை செய்தியை அடக்குகிறதே தவிர நரம்பைப் பழுது பார்ப்பதில்லை. எரிச்சல் போனாலும் மரத்துப்போன கால் மரத்தபடியே இருக்கும். முள் குத்தினாலும் தெரியாது. இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. அடுத்த முறை போகும்போது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.