வீட்டுத் தெலுங்கை நிறுத்தச் சொன்னார்கள்

என் பையன் எல்.கே.ஜி.யில் "பால் தாகுறேன் மிஸ்" என்று, குடிப்பதற்கான தெலுங்குச் சொல்லைத் தமிழோடு கலந்து சொல்லிவிட்டானாம். உடனே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "வீட்ல தெலுங்கு பேசறதை நிறுத்துங்கம்மா, குழந்தை குழம்புறான்" என்றார் மிஸ். குழப்பமே கிடையாது. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் கொஞ்ச நாள் இப்படித்தான் கலப்பார்கள். யாரிடம் எதைப் பேசுவது என்று பிடிபட்டதும் தானாகப் பிரிந்துவிடும். காத்திவாக்கத்தில் வாசலுக்குள்ளே தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவள் நான். நிறுத்தவில்லை.

என் நாத்தனாருக்கும் அவர் பிள்ளைகளின் பள்ளியில் இதையேதான் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம், அதுவும் அவருக்கே தட்டுத்தடுமாறி வருகிற ஆங்கிலம். கொஞ்சவும் திட்டவும் பெற்றவளுக்கே வாய் வராத மொழியில் பிள்ளை எதைக் கற்கும்? இன்று என் மாமியார் மகள் வீட்டுக்குப் போனால், பேத்திகள் 'ஹாய்' சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறார்கள். அந்த வீட்டில் ஒரு வேளை தங்க அவருக்கு மனசில்லை. ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும்; அதற்குத்தானே ஃபீஸ் கட்டுகிறோம்!

மாமியாருக்கு நெல்லூர்ப் பக்கம். தமிழ் வராது. முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனபோது கூட வந்தவன் என் பையன்தான். டாக்டர் கேட்டதை, அவன் நாயனம்மா என்று கூப்பிடும் பாட்டியிடம் தெலுங்கில் கேட்டு, "உட்கார்ந்து எந்திரிக்கும்போதுதான் சார் வலிக்குதாம், நடந்தா இல்லையாம்" என்று பிரித்துச் சொன்னான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

இரண்டு மொழியின் பலன் வயதான பிறகும் தெரிகிறது. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

பேச்சோடு விடாமல் எழுத்தையும் சொல்லிக்கொடுங்கள். நான் 'பெத்த பாலசிக்ஷா' என்ற தெலுங்கு அரிச்சுவடியை வாங்கிவைத்து ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கவைத்தேன். இப்போது சூலூர்பேட்டை ரயிலில் தடா ஸ்டேஷன் வந்ததும் தெலுங்கு போர்டை அவனே வாசிக்கிறான்.

உங்கள் வீட்டில் உருதோ, கன்னடமோ, சௌராஷ்டிரமோ, எதுவானாலும் விடாதீர்கள். மிஸ் சொன்னால் சொல்லட்டும். வீட்டுக்கு வந்து உங்கள் பாஷையிலேயே பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.