பிள்ளை பேசாமல் இருந்தால்

பெற்றோரே, சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு நம் லயங்களில் சில பிள்ளைகள் காம்பராவை விட்டு வெளியே வருவதில்லை. "திமிர் புடிச்சுப் படுத்திருக்கு சார்" என்று ஒரு தாயார் எங்களிடம் சொன்னார். விசாரித்தால், அந்தப் பிள்ளை பல நாளாகச் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. அது திமிர் இல்லை.

தோல்வி வந்தால் கவலை வரும், சில நாளில் தெளியும். இரண்டு வாரமாகியும் தூக்கம், பசி, விளையாட்டு எதுவும் இல்லாமல், "நான் இருந்து என்னத்துக்கு" என்ற பேச்சும் வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கோயிலில் மந்திரிப்பதை நாங்கள் தடுக்கவில்லை. கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அலுப்பிலும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த லயத்துப் பிள்ளை எத்தனை 'ஏ' எடுத்தது என்ற கதை அப்போது வேண்டாம். "செத்துப் போகலாம்னு நெனப்பு வருதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடுமோ என்று நாமெல்லாம் பயப்படுகிறோம். அப்படி வராது, மனதில் உள்ளதைச் சொல்லப் பிள்ளைக்கு வழி கிடைக்கும். "ஆமா" என்றால் ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல், வீட்டிலுள்ள குளிசைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே பூட்டி வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் காசு இல்லை. இராத்திரியானாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். கிளினிக் நாள் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், கேட்டுச் சொல்கிறோம். விஷயம் லயத்துக்குப் போகாது.