சுவரில் பூத்த பூசணம்: எதை அளக்க வேண்டும்?



அடைமழை ஓய்ந்த பிறகு உங்கள் வீட்டுப் பீரோவைச் சற்றே நகர்த்தி, அதன் பின்னால் உள்ள சுவரைப் பார்த்ததுண்டா? சாம்பல் நிறத்திலோ கரும்பச்சையாகவோ புள்ளி புள்ளியாக ஏதோ படர்ந்திருக்கும். மூக்கை அருகே கொண்டு சென்றால் ஒரு முடை நாற்றம் வீசும். அதைத்தான் பூசணம் என்கிறோம். அறிவியல் நூல்கள் பூஞ்சை என்று கூறும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மனையில் 50 செ.மீ. மழை பெய்தால் அந்த நீர் 50,000 லிட்டர்! திண்டிவனம் வட்டாரம் முழுவதும் அந்த மழையில் நனைந்தது. ஒலக்கூரில் உள்ள என் அக்காவின் வீடும் அதற்கு விலக்கன்று.

தெருவில் நின்ற நீர் வடிந்து இரண்டு வாரத்தில் படுக்கையறைச் சுவரில் பூசணம் தோன்றியது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகனுக்கு இரவில் விடாத இருமல். பொங்கலுக்கு முன் புது வண்ணம் அடித்தார்கள். தை மாதம் முடிவதற்குள் வண்ணத்தின் மேலேயே புள்ளிகள் மீண்டும் தலைகாட்டின. அப்போது உறவினர் ஒருவர், "சென்னையில் வீட்டுக் காற்றைச் சோதிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அழைத்துப் பாருங்கள்" என்றார். அக்கா என்னிடம், "தம்பி, நீ பிசிக்ஸ்தானே சொல்லிக் கொடுக்கிறாய்? காற்றில் பூசணம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லேன்" என்றாள்.

பூசணம் இல்லாத காற்றே கிடையாது என்பதுதான் அவளுக்கு நான் முதலில் சொன்ன விடை.

காற்றில் மிதக்கும் விதைகள்

பூஞ்சைகள் ஸ்போர்கள் என்னும் நுண்ணிய வித்துகளால் பரவுகின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் ஸ்போர் ஏறத்தாழ 3 மைக்ரான் குறுக்களவு உடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் அழையா விருந்தாளியாக வந்து சேர்ந்த பூஞ்சையே பெனிசிலின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது அல்லவா? அதுவும் இப்படிப்பட்ட ஸ்போரில் இருந்து முளைத்ததே.

இவ்வளவு சிறிய துகள் எத்தனை வேகத்தில் கீழே விழும்? ஸ்டோக்ஸ் விதியின்படி, பாகியல் தன்மையுள்ள ஊடகத்தில் விழும் சிறு கோளத்தின் முற்றுத் திசைவேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். கணக்கிட்டால் 3 மைக்ரான் ஸ்போர் ஒரு நொடியில் சுமார் 0.27 மி.மீ. மட்டுமே இறங்குகிறது. 3 மீட்டர் உயரமுள்ள கூரையிலிருந்து தரையைத் தொட மூன்று மணி நேரம் ஆகும். அதுவும் காற்று அசையாதிருந்தால்தான்! மின்விசிறி சுற்றும் அறையில் அது எளிதில் தரை சேராது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். சத்துக்கூழ் ஊற்றிய தட்டை அறையில் திறந்து வைத்து, அதில் வளரும் பூஞ்சைகளை எண்ணிச் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. 30 மைக்ரான் துகள், 3 மைக்ரான் துகளைப்போல நூறு மடங்கு வேகமாக விழும். எனவே அந்தத் தட்டில் பெரிய ஸ்போர்கள் மிகுதியாகவும், சிறியவை குறைவாகவும் சேரும். நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை அந்தச் சிறியவைதாம். அவற்றைத்தான் தட்டு தவறவிடுகிறது.

தொழில்முறைச் சோதனை எப்படி?

தொழில்முறையில் சோதிப்போர் காற்றை ஒரு குறிப்பிட்ட அளவில் பம்பினால் உறிஞ்சுகின்றனர். ஆண்டர்சன் என்பவர் 1958-இல் விவரித்த கருவி நிமிடத்திற்கு 28.3 லிட்டர் காற்றை இழுக்கும். காற்று 400 நுண்துளைகள் வழியே பீறிட்டு வந்து, கீழேயுள்ள தட்டின் அருகில் சட்டென்று திரும்பும். பேருந்து வளைவில் திரும்பும்போது நீங்கள் பக்கவாட்டில் சாய்வதில்லையா? அதே நிலைமப் பண்பால் ஸ்போர்கள் காற்றோடு திரும்ப இயலாமல் தட்டில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஐந்து நிமிடத்தில் 141.5 லிட்டர் காற்று செல்லும். தட்டில் 60 திட்டுகள் வளர்ந்தன என்று கொண்டால், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 424 என்று கணக்கிடலாம்.

நல்ல கருவிதான். ஆனால் 424 என்பது மிகுதியா, குறைவா? இங்கேதான் சிக்கல். உலக நல நிறுவனம் 2009-இல் வீட்டு ஓதமும் பூசணமும் பற்றி வழிகாட்டு நூல் ஒன்றை வெளியிட்டது. ஓதமுள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று அது கூறுகிறது. ஆயினும் இத்தனை ஸ்போர் வரை பாதுகாப்பு, அதற்குமேல் ஆபத்து என்று எண்ணால் எல்லை கட்ட அந்நூல் முற்படவில்லை. ஓதத்தைத் தடுப்பதே வழி என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், பூசணம் கண்ணுக்கே தெரியும்போது பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை என்று அறிவுறுத்துகிறது.

ஆகவே தேர்ந்த சோதனையாளர் வீட்டினுள் எடுத்த எண்ணிக்கையை அதே நாளில் வெளியே எடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுவார். அதற்கும் முன்பாகச் சுவரின் ஈரத்தை அளப்பார். வீட்டுக்குள் வந்ததும் ஈரத்தைப் பாராமல் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர் பாதி வேலையே செய்கிறார்.

மல்லாட்டை கற்பிக்கும் பாடம்

எங்கள் பக்கத்து உழவர்களுக்கு இது புதிதன்று. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனமே. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அதை மூட்டை கட்டுமுன் உழவர் ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். கலகலவென்று ஓசை வந்தால் பருப்பு காய்ந்து ஓட்டைவிட்டு விலகிவிட்டது என்று பொருள். ஓசை வராவிட்டால் இன்னும் வெயில் வேண்டும்.

ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சம் வான்கோழிகள் மடிந்தபோதுதான், நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. உழவர் ஸ்போரை எண்ணுவதில்லை. ஈரத்தைச் சோதிக்கிறார். ஸ்போரும் தூசும் எங்கும் உண்டு. பூசணத்திற்கு வேண்டியவற்றுள் நாம் நிறுத்தக்கூடியது நீர் ஒன்றே.

காற்றில் எவ்வளவு நீர்?

குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று ஓரளவு நீராவியையே ஏற்கும். அந்த அளவை எட்டியதைத் தெவிட்டு நிலை என்கிறோம். ஒரு கனமீட்டருக்கு அதன் அளவு இது:

24° செல்சியசில் 21.8 கிராம்
25° செல்சியசில் 23.0 கிராம்
28° செல்சியசில் 27.2 கிராம்
30° செல்சியசில் 30.4 கிராம்

தெவிட்டு அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு நீராவி இப்போது உள்ளதோ அதுவே ஒப்பு ஈரப்பதம். சுவரை ஒட்டிய காற்றில் இது 80 விழுக்காட்டிற்கு மேல் பல நாள் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கலாம்.

அக்கா வீட்டு அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதாவது 36 கனமீட்டர். 28° வெப்பநிலையில் தெவிட்டிய நிலையிலும் அதில் இருக்கக்கூடிய நீர் 980 கிராம்தான். ஒரு லிட்டர்கூட இல்லை! மழைக்காலத்தில் அந்த அறையில்தான் கொடி கட்டித் துணி உலர்த்தினார்கள். ஒரு வேளைத் துணியைப் பிழிந்தவுடன் ஒரு முறையும் காய்ந்தபின் ஒரு முறையும் வில்தராசில் நிறுத்தோம். எடை 2 கிலோகிராம் குறைந்திருந்தது. அறைக் காற்று தாங்கக்கூடியதைப்போல் இரு மடங்கு நீர் அது. எஞ்சியது எங்கே போகும்? சுவரும் மெத்தையும் பாடப்புத்தகங்களும் அதைக் குடித்துவிடும்.

மூன்று எளிய சோதனைகள்

நானும் மருமகனும் செய்த சோதனைகளை நீங்களும் செய்யலாம்.

முதற் சோதனை: சொட்டு நீர். சுவரில் வெண்மையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் ஆகாது. செங்கல்லின் உப்பும் அப்படிப் பூக்கும். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் உப்பு கரைந்து மறையும். பூசணம் கரையாது.

இரண்டாம் சோதனை: பாலித்தீன் தாள். ஒன்றரை அடிச் சதுரத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

மூன்றாம் சோதனை: இரு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றுங்கள். நோட்டுப் புத்தகத்தால் நான்கு நிமிடம் விசிறி, மிகக் குறைந்த அளவீட்டைக் குறியுங்கள். உலர்ந்த வெப்பமானி 28° காட்டும்போது, இரண்டிற்கும் வேறுபாடு 2° எனில் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 85 விழுக்காடு. 4° எனில் 72. 6° எனில் 59.

ஒலக்கூரில் நாங்கள் கண்டது என்ன? இரவு ஒன்பது மணிக்கு உலர்குமிழ் 28°, ஈரக்குமிழ் 24°. எனவே ஈரப்பதம் 72 விழுக்காடு. "அப்படியானால் பயமில்லையே மாமா?" என்றான் மருமகன். பொறு என்றேன். பீரோவின் பின்னே சுவரோடு ஒட்டி வைத்த வெப்பமானி 24° காட்டியது. அறைக் காற்றில் கனமீட்டருக்கு 19.6 கிராம் நீராவி உள்ளது. அது 24° சுவரைத் தொடும்போது தெவிட்டு அளவு 21.8 கிராம்தான். ஆகவே அங்கே ஈரப்பதம் 90 விழுக்காடு! நடு அறையில் வளராத பூசணம் பீரோவின் மறைவில் வளர்ந்ததன் காரணம் விளங்கிற்றா?

பாலித்தீன் தாள் இன்னொரு செய்தியும் சொன்னது. மேற்சுவரில் ஒட்டிய தாள் வெளிப்புறம் வியர்த்தது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒட்டியது உட்புறம் வியர்த்தது. செங்கல்லின் நுண்புழைகள் விளக்குத் திரியைப்போல நீரை மேலே இழுக்கும். 10 மைக்ரான் ஆரமுள்ள புழையில் நீர் கணக்குப்படி ஒன்றரை மீட்டர் வரை ஏறவல்லது. வெளியே போய்ப் பார்த்தோம். சுவரை ஒட்டி மண் மேடாகி, மழைநீர் தேங்க வாய்ப்பாக இருந்தது. இந்த இரண்டு குறைகளில் எதைத்தான் வண்ணம் தீர்க்கும்?

செய்த பரிகாரம்

மண் மேட்டை வெட்டி நீர் வடிய வழி செய்தார்கள். துணிக்கொடி திண்ணைக்கு மாறியது. பீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பூசணத்தைச் சோப்பு நீரால் நனைத்துத் துடைத்தார்கள். உலர்ந்தபடியே தேய்த்தால் ஸ்போர்கள் அறையெங்கும் பறக்கும். இறந்த ஸ்போரும் ஒவ்வாமை தரக்கூடும் என்பதால், மருந்து தெளித்தால் மட்டும் போதாது, அகற்றவும் வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கழிப்பறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு வெளிவரும்.

சன்னலைத் திறப்பதற்கும் கணக்கு உண்டு. மழை பெய்கையில் வெளியே 25°, ஈரப்பதம் 95 விழுக்காடு எனில் அக்காற்றில் கனமீட்டருக்கு 21.9 கிராம் நீராவி உள்ளது. அறையில் இருந்ததோ 19.6. திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் அடிக்கும் பிற்பகலில் 30°, 50 விழுக்காடு எனில் 15.2 கிராம். அப்போது திறந்தால் ஈரம் வெளியேறும்.

சித்திரை வெயிலில் சுவர் காய்ந்து, தாளின் உட்புறம் வியர்க்காத பிறகே வண்ணம் அடித்தார்கள். அடுத்த பருவமழையில் கீழ்ச்சுவரில் ஓரிடத்தில் ஓதம் தெரிந்தது, பூசணம் வரவில்லை. மருமகனை மருத்துவரிடமும் காட்டினார்கள். இருமலுக்குப் பல காரணங்கள் உண்டு. சுவரைச் சோதிப்பது மருத்துவச் சோதனைக்கு ஈடாகாது.

ஓர் அச்சத்தையும் நீக்கிவிடுகிறேன். 2021-இல் கொரோனா நோயாளிகள் சிலரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய், மியூகர் வகைப் பூஞ்சைகளால் வருவது. நோயால் மடிந்த திசு கறுப்பதாலேயே அந்தப் பெயர். சுவரில் கறுப்புப் புள்ளி கண்டதும் அந்நோய் என்று அஞ்ச வேண்டாம். நிறத்தைக் கொண்டு பூசணத்தின் தீமையை அளக்கவும் முடியாது.

அப்படியானால் தொழில்முறைச் சோதனை வீணா? இல்லை. நாற்றம் வீசியும் பூசணம் கண்ணில் படாதபோதும், குளிர்பதனக் குழாய்களுக்குள் ஐயம் எழும்போதும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் தங்கும் மருத்துவமனை அறைகளிலும் அது பயன் தரும். வந்தவரிடம் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம். "சுவரின் ஈரத்தை அளந்தீர்களா? வெளிக் காற்றையும் எடுத்து ஒப்பிட்டீர்களா?"

செய்து பாருங்கள்

அடுத்த ஐப்பசி மழையில் உங்கள் வீட்டின் நடு அறை, சமையலறை, பீரோவின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு வாரம் காலை, மாலை இரு வேளையும் அளந்து அட்டவணை எழுதுங்கள். 29° வெப்பநிலையில் தெவிட்டு அளவு கனமீட்டருக்கு 28.8 கிராம். உங்கள் அறை 29°, 70 விழுக்காடு காட்டி, சுவர் 25° இருந்தால், சுவரை ஒட்டிய ஈரப்பதம் எவ்வளவு? கணக்கிட்டு, பீரோவை நகர்த்த வேண்டுமா என்று வீட்டில் சொல்லுங்கள்.