குற்றச் சொற்கள்: பொருளறிந்து கற்பிப்போம்

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில நாளிதழ் வாசித்தபோது 'தெஃப்ட்', 'ராபரி', 'பர்க்ளரி' ஆகிய மூன்று சொற்களுக்கும் மாணவர்கள் 'திருட்டு' என்றே பொருள் எழுதினர். வேறுபாட்டை விளக்க எங்கள் காவேரிப்பட்டினத்து மாந்தோப்பே உதவியது.

தோப்புக்காரர் அனுமதியின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் மாங்காய்களை எடுத்துச் சென்றால் அது 'தெஃப்ட்'. காவலாளியை அடித்தோ மிரட்டியோ எடுத்தால் 'ராபரி'. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ராபரி செய்தால் 'டெகாய்ட்டி'. இது இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். திருடும் நோக்கில் பூட்டிய வீட்டை உடைத்து நுழைவது 'பர்க்ளரி'.

அடுத்து, ஆட்களைக் குறிக்கும் சொற்கள். 'சஸ்பெக்ட்' சந்தேகத்திற்குரியவர். 'அக்யூஸ்டு' குற்றம் சாட்டப்பட்டவர். 'கன்விக்ட்' குற்றவாளி என நீதிமன்றம் தீர்ப்பளித்தவர்.

அதே வாரம் வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணவில்லை. ஒரு மாணவனைக் காட்டி, "இவன் கிரிமினல் டீச்சர்" என்றது ஒரு குரல். "எடுத்ததை யார் பார்த்தீர்கள்?" என்றேன். பதிலில்லை. "அப்படின்னா அவன் அக்யூஸ்டுதான் டீச்சர், கன்விக்ட் இல்லை" என்றாள் ஒரு மாணவி. பாடம் புரிந்துவிட்டது.

ஆனால் அக்யூஸ்டு என்ற சொல்லும் அவனுக்கு வேண்டாம் என்றேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிறையாதவர் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களையே தவிர்க்கச் சொல்கிறது. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்றே குறிப்பிடுகிறது. நீதிமன்றமே காக்கும் இந்த நிதானம் வகுப்பறையிலும் வேண்டாமா?

செயல்பாடு: நாளிதழிலிருந்து நான்கு குற்றச் செய்திகளைத் திரட்டி, குற்றத்தின் பெயர், நபரைக் குறிக்கும் சொல், அச்சொல் பொருந்துமா என மூன்று கலங்களில் மாணவர்களை நிரப்பச் செய்யலாம்.