கொச்சி மட்டாஞ்சேரியில் பனி மூடினால்

மார்கழி, தை விடியலில் காயல்மேல் மூடுபனி இறங்கும்போது:

1. வண்டி விளக்கை லோ பீமில் வையுங்கள். ஹை பீம் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். எதிரே வருபவருக்கும் தொல்லை.

2. கண்ணாடி உள்பக்கம் மங்கினால் ஏசியைப் போடுங்கள், ஈரத்தை இழுத்துவிடும். கையால் துடைத்தால் கறைதான் மிஞ்சும்.

3. நெடும்பாசேரி விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் விமான நேரத்தைச் சரிபாருங்கள். பனியால் விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்படுவதுண்டு.

4. புகை நாற்றம் அடிக்கிறதா? அது வெறும் பனியல்ல. ஜன்னலைச் சாத்துங்கள், வெளியே போனால் என்95 அணியுங்கள். கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது கொச்சி நாள்கணக்கில் புகைக்குள் கிடந்ததே!

5. ஆஸ்துமாக்காரர்கள் வெயில் வந்தபின் நடக்கலாம். குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கும்.